வாசலுக்கு வெளியே, முப்பத்தொன்பதாம் நாள்

என் மனைவி இறந்த முப்பத்தொன்பதாம் நாள், ஜப்பானின் கியோட்டோ நகரத்தில் ஒரு பழைய ஷிண்டோ கோயிலின் வாசலில் நின்றேன். உள்ளே போய்ச் செய்யவேண்டிய காரியம் மிகச் சிறியது. அவளுடைய கைப்பையில் இருந்த காப்புப் பொருள் ஒன்றை, அது வாங்கப்பட்ட இடத்திலேயே திருப்பிக் கொடுக்க வேண்டும். கட்டைவிரல் நீளமான பட்டுப் பை, இளம்பச்சை நிறம், வாய் வெள்ளைக் கயிற்றால் முடியப்பட்டிருக்கும். ஒரு பக்கத்தில் நான்கு எழுத்துகள் பொன்னிற நூலால் நெய்யப்பட்டிருந்தன. அதைக் கொண்டுபோய்க் கொடுப்பேன் என்று அவளுக்கு வாக்களித்திருந்தேன். கடைசி மாதத்தில் அவள் என்னிடம் கேட்டது அது ஒன்றைத்தான்.

அது வாங்கப்பட்டது நாலரை ஆண்டுகளுக்கு முன், ஓர் ஐப்பசியில். நான் அப்போது ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தில் நிலத்தடி நீர் பற்றிய ஆய்வில் இருந்தேன். ஓய்வு பெற இரண்டு ஆண்டுகள் இருந்தன. கியோட்டோவில் ஒரு மாநாடு. முதியோர் இல்லத்தில் தாதியாக வேலை செய்த என் மனைவி, தன் விடுப்பில் ஒரு கிழமையை எடுத்துக்கொண்டு என்னுடன் வந்தாள். மாநாட்டின் இரண்டாம் நாள் பின்னேரம் அந்தக் கோயிலுக்குப் போனோம்.

போனோம் என்று எழுதுவது பிழை. அவள் போனாள். கோயிலுக்கு எதிரே, தெருவின் மறுபுறத்தில் ஒரு தேநீர்க் கடை இருந்தது. மறுநாள் காலையில் நான் வாசிக்க வேண்டிய கட்டுரை என் கையில் இருந்தது.

"நீங்களும் வாறீங்களோ?" என்று கேட்டாள்.

"நீர் போயிட்டு வாரும். எனக்கு இதைத் திருத்த வேணும்."

முக்கால் மணிநேரம் கழித்து வந்தாள். வெளிச்சம் குறைந்துவிட்டிருந்தது, நான் எரிச்சலில் இருந்தேன்.

"என்ன, கடவுளோடை இன்டர்வியூவோ?"

"ஓம்," என்றாள். "எடுபட்டனோ தெரியாது."

கையிலிருந்த சிறு காகித உறையைக் காட்டினாள். வரிசையில் நின்று வாங்கினாளாம். ஏன் வாங்கினீர் என்று கேட்டேன். வடிவாயிருந்தது, சும்மா வாங்கினேன் என்றாள். நான் கட்டுரைக்குத் திரும்பினேன். அந்தக் கட்டுரை மறுநாள் நன்றாகவே போயிற்று.

அடுத்த தை மாதத்தில் அவளுடைய மார்பில் கட்டி இருப்பது தெரியவந்தது. அதன் பிறகான ஆண்டுகளை இங்கே எழுதப் போவதில்லை. அந்தப் பச்சைப் பை அவளுடைய கைப்பையின் உட்புறத்தில், ஜிப்பின் வளையத்தில் தொங்கியது. மருத்துவமனைக்குப் போகும் நாள்களில் அந்தக் கைப்பையைத்தான் எடுத்துப் போவாள் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

இத்தகைய காப்புகளுக்கு ஓர் ஆண்டுதான் ஆயுள். ஆண்டு முடிந்ததும் கோயிலில் திருப்பிக் கொடுக்க வேண்டும். அங்கே பழையவற்றைச் சேர்த்து முறைப்படி எரிப்பார்கள். கோயிலில் இதை அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். ஆண்டு முடிந்த ஐப்பசியில், ஹம் நகரில் ஆசிரியையாக இருக்கும் எங்கள் மகள் வந்திருந்தபோது, தாயின் கைப்பையில் எதையோ தேடியவள் அதைக் கண்டு சிரித்தாள்.

"அம்மா, உங்கட சாமிக்குத் திகதி முடிஞ்சுது. பால் பெட்டி எண்டால் எறிஞ்சிருப்பீங்கள்."

"அது கிடக்கட்டும். இன்னும் முடியேல்லை," என்றாள் என் மனைவி.

சோம்பலால் சொல்கிறாள் என்று நினைத்தேன். அஞ்சலில் அனுப்புகிற பொருளா அது, யார் ஜப்பானுக்குக் கொண்டுபோவது என்பது அவளுடைய எண்ணமாக இருக்கும் என்று கருதினேன். கேட்கவில்லை.

இந்த ஆண்டு மாசியில், வீட்டில் படுக்கையை முன்னறைக்கு மாற்றிய பிறகு, ஒருநாள் அவளே பேச்சை எடுத்தாள்.

"இஞ்சாருங்கோ. அந்தப் பச்சையைக் கொண்டுபோய்க் குடுத்திடுங்கோ. வேற ஒண்டும் கேக்கேல்லை."

"இப்ப என்ன அவசரம்?"

"அவசரமில்லை. பேந்து குடுங்கோ. ஆனா நீங்கள்தான் குடுக்க வேணும்."

பேந்து என்றால் பிறகு; எதற்குப் பிறகு என்று இருவருக்கும் தெரியும். சரி என்றேன். பங்குனியில் இறந்தாள்.

இனி, துடக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். மரணம் நடந்த வீட்டாருக்கு உண்டாகும் தீட்டை யாழ்ப்பாணத்தில் நாங்கள் துடக்கு என்போம். முப்பத்தொரு நாள் விளக்கேற்றுவதில்லை, கோயிலுக்குப் போவதில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையோடு அது கழியும். எனக்கு இதில் நம்பிக்கை இருந்ததில்லை. இருந்ததில்லை என்பதோடு நின்றிருந்தால் குற்றமில்லை. என் மாமியார் யாழ்ப்பாணத்தில் இறந்தபோது செய்தி தொலைபேசியில் வந்தது. அப்போது போர்க்காலம்; போக வழியில்லை. என் மனைவி பானில், மூன்றாம் மாடியில் இருந்த எங்கள் வீட்டில், முப்பத்தொரு நாளும் துடக்குக் காத்தாள். ஹம் அம்மன் கோயிலில் ஆண்டுக்கொரு முறை நடக்கும் தேர் அந்த நாள்களுக்குள் வந்தது. ரயிலில் இரண்டு மணிநேரம் போய் அவள் ஆண்டு முழுவதும் காணாத சிநேகிதிகளைக் காணும் நாள் அது. போகவில்லை. அடுக்களையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் வாசற்படியில் நின்றுகொண்டு, மகளும் கேட்கும்படியாகச் சொன்னேன்:

"எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அங்காலை நடந்ததுக்கு இஞ்சை என்னெண்டு துடக்கு வரும்? டெலிபோன் வயராலையோ?"

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. "அழுகை எந்த வழியாலை வந்ததோ, அந்த வழியாலை," என்றாள்.

ஆனாலும் அந்தப் பேச்சில் வென்றவன் நான்தான் என்ற நினைவு பல ஆண்டுகள் எனக்கு இருந்தது.

அவள் இறந்தபோது நான் துடக்குக் காத்தேன். நம்பிக்கை வந்து காக்கவில்லை. அவள் இருந்தால் காத்திருப்பாள்; ஆகவே காத்தேன். எரியூட்டும் நிலையத்தில் எட்டாம் நாளுக்குத்தான் டெர்மின், அதாவது நேரம், கிடைத்தது. எந்த நாளிலிருந்து எண்ணுவது என்று ஹம்மிலிருந்த ஐயரிடம் தொலைபேசியில் கேட்டேன். உயிர் போன நாளிலிருந்து என்றார். சமையலறை நாள்காட்டியில் பென்சிலால் நாள் எண்களை எழுதி வந்தேன். முப்பத்தோராம் நாள் கிரியை நடந்தது. வீடு கழுவப்பட்டது. மகள் விளக்கேற்றினாள். துடக்குக் கழிந்தது என்று ஐயர் சொன்னார். அவர் சொன்னதும் அந்த இரவே பயணச்சீட்டு எடுத்தேன். மகளுடைய பள்ளி விடுமுறை முடியச் சில நாள்களே இருந்தன. என்னைத் தனியே அனுப்ப அவளுக்கு மனமில்லை. முப்பத்தாறாம் நாள் புறப்பட்டோம். இனி எந்தக் கோயிலுக்குள்ளும் போகலாம் என்று நினைத்தேன். வாழ்நாள் முழுவதும் அளவைகளோடு வேலை செய்தவன், ஒரு ஊரின் அளவுகோல் இன்னோர் ஊரில் செல்லுமா என்று பார்க்காமலே போனேன்.

கியோட்டோவில் செர்ரி மலர்கள் முடிந்துவிட்டிருந்தன. மகள் சொன்னாள், "எல்லாம் கொட்டினாப் பிறகு வந்திருக்கிறம். அம்மா எண்டால் டேட் பாத்துப் புக் பண்ணியிருப்பா." காலையில் மழை பெய்து ஓய்ந்திருந்தது. தெரு மாறவில்லை. தேநீர்க் கடையும் அப்படியே இருந்தது. கோயில் வாசல் என்பது, கதவு என்று ஒன்றில்லாத வாசல். இரண்டு பெரிய தூண்கள், அவற்றின் மேல் இரண்டு குறுக்கு மரங்கள், செந்நிறம். அதற்கு அப்பால் கல் பாவிய வழி மரங்களுக்குள் ஏறிச் சென்றது. கோயிலுக்குள் வருபவர்கள் தூண்களுக்கு முன் ஒரு கணம் நின்று, தலை தாழ்த்திய பிறகு உள்ளே கால் வைத்தார்கள்.

உள்ளே போகுமுன் தேநீர் குடிப்போம் என்று சொன்னது நான்தான். நான் முன்பு உட்கார்ந்திருந்த மரவாங்கைத் தேடினேன். அதே இடத்தில் இருந்தது. அதில் இருந்தால் வாசல் நேராகத் தெரியும் என்பதை அன்றுதான் கண்டேன். முன்பு நான் வாசலுக்கு முதுகு காட்டி இருந்திருக்கிறேன்.

கடைக்காரப் பெண்மணிக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். மகள் என்னோடு பேசும்போது இடையில் ஏதோ ஜெர்மன் சொல்லைப் போட்டிருக்க வேண்டும். தட்டை வைத்துவிட்டு, அந்தப் பெண்மணி நின்றார்.

"ஜெர்மனியிலிருந்தா வருகிறீர்கள்?" என்று ஜெர்மன் மொழியிலேயே கேட்டார். கணவரின் வேலைக்காக டுசல்டோர்ஃபில் ஆறு ஆண்டுகள் இருந்தாராம். அது முப்பது ஆண்டுக்கு முந்திய கதை. "அங்கே ஞாயிற்றுக்கிழமை துணி உலர்த்தியதற்குப் பக்கத்து வீட்டுக்காரி என்னைத் திட்டினாள். இப்போது துணி உலர்த்தலாமா?"

"இன்னும் திட்டுவார்கள்," என்றாள் மகள்.

அவர் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். பிறகு, கோயிலைப் பார்க்க வந்தீர்களா என்று கேட்டார். மகள் பச்சைப் பையை எடுத்து மேசையில் வைத்தாள். திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறோம், எங்கே கொடுப்பது என்று கேட்டாள். அவர் இரு கைகளாலும் அதை எடுத்துப் பார்த்தார்.

"உள்ளே, இடப்பக்கத்தில், இதற்கென்றே ஒரு பெட்டி இருக்கிறது. இது நோய் குணமாவதற்கானது. யாருக்கு நோய்?"

"என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்டேன்.

அவர் நான்கு எழுத்துகளின் மேலும் விரலை வைத்துக் காட்டினார். "நோய் முழுவதும் தீரட்டும். வேறொன்றுமில்லை. பரீட்சைக்கு வேறு நிறம், வாகனத்துக்கு வேறு நிறம். எல்லாவற்றுக்கும் பக்கத்தில் ஆங்கிலத்திலும் எழுதி வைத்திருப்பார்கள்."

மகள் என்னைப் பார்த்தாள். தமிழில் கேட்டாள்.

"அப்பா, இது எப்ப வாங்கினது?"

"ஐப்பசியில."

"அம்மா வருத்தம் எண்டு எப்ப சொன்னவ?"

"தையில."

தையில் கட்டி இருப்பது தெரியவந்தது என்று மேலே எழுதினேன். எனக்குத் தெரியவந்தது என்று எழுதியிருக்க வேண்டும். என் மனைவிக்கு ஐப்பசியிலேயே தெரியும். தாதியின் விரல்களுக்குத் தெரியாமலிருக்க நியாயமில்லை. அந்தப் பின்னேரம் என்னிடம் சொல்லியிருந்தால் மறுநாள் நான் கட்டுரை வாசித்திருக்க மாட்டேன். அதனால் சொல்லவில்லை. உள்ளே போய், வரிசையில் நின்று, ஆங்கிலத்தில் எழுதியிருந்ததைப் படித்து, பச்சை நிறத்தைத் தெரிந்து வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். நான் இன்டர்வியூ பற்றிக் கேட்டேன். நாலரை ஆண்டுகள் அந்த நான்கு எழுத்துகள் என் வீட்டில் இருந்தன. என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை கேட்டிருக்கலாம்.

கடைக்காரப் பெண்மணி எங்களைக் கவனித்துக்கொண்டிருந்தார். "அவர் குணமடைந்துவிட்டாரா?" என்று மெல்லக் கேட்டார். பொதுவாக, நோய் தீர்ந்த பிறகே இதைத் திருப்பிக் கொண்டுவருவார்களாம்.

"என் மனைவி. இறந்துவிட்டாள்," என்றேன். "இன்றைக்கு முப்பத்தொன்பதாம் நாள்."

அவர் கையிலிருந்ததை மேசையில் வைத்துவிட்டு எழுந்து தலை தாழ்த்தினார். நிமிர்ந்தபோது தயக்கத்தோடு சொன்னார். மன்னிக்க வேண்டும், உங்களுக்குத் தெரிந்திருக்காது. இங்கே கணவனோ மனைவியோ பெற்றோரோ இறந்தால், ஐம்பது நாள் முடியும்வரை அந்த வாசலுக்குக் கீழே நாங்கள் போவதில்லை. வெளிநாட்டவரை யாரும் தடுக்க மாட்டார்கள். யாரும் கேட்கவும் மாட்டார்கள். சிலர், தவிர்க்க முடியாவிட்டால், தூணுக்கு வெளிப்புறமாகச் சுற்றிப் போவதும் உண்டு.

மகள் உடனே எழுந்துவிட்டாள். "அப்பா, பக்கத்தாலை போகலாமாம். வேலியும் இல்லை. வாங்கோ."

"எனக்கும் கேட்டது."

"கேட்டால் எழும்புங்கோவன். நாளைக்குப் பின்னேரம் ஃபிளைட்."

"இன்னும் பதினொரு நாள் கிடக்கு, பிள்ளை."

"இதென்ன புதுக் கணக்கு? முப்பத்தொண்டோடை கழிஞ்சுது எண்டு ஐயர் சொன்னவர்."

"அது எங்கட வாசலுக்கு."

அவளுக்குக் கோபம் வந்தது. நியாயமான கோபம். "அம்மம்மா செத்த நேரம் டெலிபோன் வயரைப் பற்றிக் கதைச்ச ஆள் நீங்கள். நான் கேட்டுக்கொண்டு நிண்டனான். இப்ப ஜப்பான்காரற்றை துடக்கையும் சேத்துக் காக்கப் போறீங்களோ?"

"ஓம்," என்றேன்.

"அம்மாவுக்குச் சொன்ன சொல்லு?"

இதற்குத்தான் மறுமொழி வேண்டியிருந்தது. நான் எழுந்து தெருவைக் கடந்து வாசல்வரை போனேன். மகள் பின்னால் வந்தாள். தூணுக்கும் மதிலுக்கும் இடையே இருவர் சேர்ந்து நடக்கக்கூடிய இடைவெளி இருந்தது. ஈர இலைகள் கிடந்தன. அவள் சொன்னதுபோல் வேலி இல்லை. உள்ளே, படிகளுக்கு மேல், அந்தப் பெட்டி இருக்கும் கூரை தெரிந்தது. நூறு அடி இருக்கும். இதே இடத்தில், நாலரை ஆண்டுகளுக்கு முன், நான் வராமலிருக்க எனக்கு ஒரு கட்டுரை இருந்தது. இன்று எதுவும் இல்லை, போகலாம். போனால், அன்று அடுக்களை வாசற்படியில் நின்று துடக்கைப் பகிடி பண்ணியவன்தான் உள்ளே போவான். அந்த ஆளைக் கொண்டு இந்தப் பொருளைக் கொடுப்பிக்க அவள் விரும்பியிருக்க மாட்டாள்.

தலையைத் தாழ்த்தினேன். திரும்பி வந்தேன்.

தேநீர்க் கடையில் அந்தப் பெண்மணி, தாமே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வருவதாகச் சொன்னார். தமக்குத் துக்கம் ஒன்றும் இல்லை, ஐந்து நிமிட வேலை என்றார். மகள் பையை அவரிடம் நீட்டினாள். நான் வேண்டாம் என்றேன். ஏன் என்று இருவரும் பார்த்தார்கள். இந்த வாங்கில் நான் இருந்துகொண்டு, இன்னொரு பெண்ணைத் தனியே உள்ளே அனுப்ப இயலாது என்பதை ஜெர்மனில் சொல்ல முயன்றேன். சொற்கள் சரியாக அமையவில்லை. ஆனால் அவர் வற்புறுத்தவில்லை. ஐம்பது நாள் கழித்து அஞ்சலில் அனுப்பலாம், தூரத்தில் இருப்பவர்கள் அப்படித்தான் செய்வார்கள், கோயிலில் ஏற்றுக்கொள்வார்கள் என்றார். ஒரு தாளில் கோயிலின் முகவரியைப் பெரிய எழுத்தில் எழுதித் தந்தார். அதன் கீழே, நன்றி என்பதை அவர்களுடைய எழுத்தில் எழுதி, இதைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள் என்றார்.

விமானத்தில் மகள் என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"அம்மா ஏன் என்னட்டைச் சொல்லேல்லை? நீங்கள் பரவாயில்லை. நான்?"

நீங்கள் பரவாயில்லை என்று அவள் சொன்னது சரியே. அந்த ஐப்பசியில் அவளுக்கு ஆசிரியர் பரீட்சை இருந்தது என்பதை நினைவூட்டினேன். அவள் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

பானுக்குத் திரும்பியதும், முப்பத்தோராம் நாளில் ஏற்றத் தொடங்கியிருந்த விளக்கை மறுபடியும் நிறுத்தினேன். நாள்காட்டியில் பென்சில் எண்கள் தொடர்ந்தன. இது எங்கள் முறையிலும் இல்லை, அவர்கள் முறையிலும் இல்லை. அவர்களுக்கு எங்கள் விளக்கைப் பற்றி என்ன தெரியும்? மகள் கிழமையில் இருமுறை தொலைபேசியில் அழைத்தாள். "இண்டைக்கு எத்தனை?" என்று மட்டும் கேட்பாள். நாற்பத்தாறு என்பேன். நாற்பத்தொன்பது என்பேன். பையைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கக்கூடாது என்று சொல்லப்பட்டிருந்தது. எதையும் திறந்து பார்ப்பதையே தொழிலாகக் கொண்டிருந்தவன் நான். திறக்கவில்லை.

ஐம்பத்தோராம் நாள் காலையில் அதைப் பருத்தித் துணியில் சுற்றி, உறைக்குள் வைத்தேன். நன்றி என்ற சொல்லைப் பார்த்து எழுதினேன். மூன்று தாள்கள் வீணாயின. நான்காவது ஏறக்குறைய அந்தப் பெண்மணியின் எழுத்தைப் போல் வந்தது. அஞ்சல் அலுவல் நடக்கும் புத்தகக் கடை எங்கள் தெருமுனையில்தான் இருக்கிறது. எனக்கு முன் நான்கு பேர் நின்றார்கள். எல்லோர் கையிலும், பிடிக்காத காலணியும் அளவு பொருந்தாத சட்டையும் திருப்பி அனுப்பும் பெட்டிகள்.

முகப்பில் இருந்தவர் இந்த ஊர்ப் பக்கத்து அசல் ரைன்லாந்துக்காரர். எதற்கும் ஒரு பகிடி வைத்திருப்பவர். ஜப்பானுக்கு என்றதும் சுங்கப் படிவம் ஒன்றை எடுத்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டார். ஒரு சிறு துணிப் பை என்றேன். பரிசா என்றார். இல்லை என்றேன். விற்பனைப் பொருளா என்றார். இல்லை. படிவத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். அதில் ஒரு கட்டத்துக்கு நேரே, திருப்பி அனுப்பப்படும் பொருள் என்று அச்சிடப்பட்டிருந்தது. அங்கே குறியிட்டேன்.

அவர் அதைப் பார்த்துவிட்டு, முத்திரையைக் கையில் எடுத்தபடி சிரித்தார்.

"ஜப்பான்வரைக்குமா? என்ன, வேலை செய்யவில்லையா?"

எனக்குப் பின்னால் நின்ற பெண்மணியும் சிரித்தார். மறுமொழி சொல்லாமல் விட்டிருக்கலாம்.

"செய்தது," என்றேன். "ஒரு வருடத்துக்கென்று தந்தார்கள். நாலு வருடமும் ஐந்து மாதமும் செய்தது."

"அப்படியென்றால் நல்ல சாமான்," என்று சொல்லி முத்திரையைக் குத்தினார்.

ஓம் என்று தமிழில் சொன்னேன். அவருக்கு விளங்கியிருக்கும். பற்றுச்சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அடுத்தவருக்கு வழிவிட்டு வெளியே வந்தேன்.